தலைவர் நாற்காலி மட்டும் போதாது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள், 333 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாட்களில் இங்கு வாக்குப்பதிவு நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன் பிறகு ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது.

ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி பக்கத்து டீக்கடைகளில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும். "நம்ம பஞ்சாயத்து ரிசர்வா, ஜெனரலா?" ரிசர்வ் என்றால் அடுத்த கேள்வி, "யாரை நிறுத்தப் போறாங்க?" இந்த இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். "யார் நிக்கப் போறாங்க?" என்று யாரும் கேட்பதில்லை. வேட்பாளரை வேறு யாரோ நிறுத்துவார்கள் என்பது கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆதிதிராவிடர், அருந்ததியர் மக்கள் தலைவர் பதவிக்கு நிற்பதைப் பற்றி எழுதுவோர் பலரும் வேட்புமனு நாளிலிருந்து வாக்கு எண்ணும் நாள் வரை நடப்பதைத்தான் எழுதுகிறார்கள். தோற்பதும் வெல்வதும் அந்த நாட்களில் மட்டும் நடப்பதில்லை. தலைவரான பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்பதை முடிவு செய்யும் தேர்தல் வேறு இரண்டு. ஒன்று, வார்டு உறுப்பினர் தேர்தல். மற்றொன்று, அந்த உறுப்பினர்கள் கூடி நடத்தும் துணைத் தலைவர் தேர்தல். நம் பிரச்சாரம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடங்கள் இவை.

இங்கே ஊராட்சி என்றால் என்ன?

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கௌரவம் இருந்தது, பணம் அதிகம் இல்லை. ராகியும் நிலக்கடலையும் விளைந்த ஊர்களில் வீட்டுவரி வசூல் எவ்வளவு இருந்திருக்கும்? ஓசூரில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தபின் நிலவரம் மாறியது. இன்று சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை தொழிற்பேட்டைகள் பரவிவிட்டன. போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை, கெலமங்கலம் பகுதியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை என்று ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடங்கள் கிராம எல்லைகளுக்குள் இருக்கின்றன. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊர்களில் ஏர் ஓட்டிய நிலம் மனைப்பிரிவுகளாகிவிட்டது.

இதனால் ஊராட்சியின் கையில் சேர்ந்தவை பல. வீட்டுவரி, கட்டட வரைபட அனுமதி, தொழில் உரிமம், குடிநீர் இணைப்பு, ஏரி குளங்களைப் பராமரிக்கும் வேலை, மாநில, மத்திய நிதிக்குழு மானியங்கள் என்று பட்டியல் நீளும். தொழில் வரியை எடுத்துக்கொள்வோம். சம்பளம் வாங்குவோர் கட்டும் இந்த வரி, வேலை செய்யும் இடத்தின் உள்ளாட்சிக்குப் போகிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பது அரசியல் சட்ட வரம்பு. அந்த வரம்பு அளவில் 1,000 பேர் கட்டினால் 25 லட்சம் ரூபாய். ஒரு சிறிய கிராம ஊராட்சிக்கு இது சாதாரணத் தொகை கிடையாது.

இவ்வளவு வருமானமும் அதிகாரமும் சேர்ந்த இடத்தில் ஒரு காலனிப் பெண் தலைவராகும்போது, "பரவாயில்லை, சட்டம் அப்படி" என்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள் என எதிர்பார்க்க முடியாது. நாற்காலியை விட்டுக்கொடுப்பார்கள், கையெழுத்தை விடமாட்டார்கள்.

கையெழுத்து இரண்டு

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 2016-ல் பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒன்றிலிருந்து சரிபாதியாக உயர்த்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை 18.79 லட்சம். அதில் பட்டியல் சாதியினர் 14 சதவீதத்துக்குச் சற்று மேல்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஆனால் ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது அதே சட்டம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை.

இதன் பொருள் என்ன? தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், ஊர்த்தெருவின் செல்வாக்குள்ளவர் ஏதாவது ஒரு வார்டில் நின்று ஜெயித்துத் துணைத் தலைவராகிவிடுவார். தெருவிளக்கு மாற்றிய பில், மோட்டார் பழுது பார்த்த பில், தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கும். அவர் ஒரு மாதம் கையெழுத்துப் போடாவிட்டால் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் பெண்கள் குடத்தோடு வந்து கேட்பது தலைவரிடம்தான். "இவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியலை" என்ற பேச்சு அப்படித்தான் கிளம்புகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்பாடு வேறு. ஆனேக்கல் வட்டத்துக் கிராமங்களில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு உறவினர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கர்நாடகத்தில் கிராம பஞ்சாயத்துத் தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அங்கே துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு உண்டு. பணம் எடுக்கும் கையெழுத்தில் தலைவரோடு சேருவது பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலர் என்ற அரசு ஊழியர். இரண்டு முறைகளுக்கும் அதனதன் குறைகள் இருக்கின்றன. ஆனாலும் நம் பக்கத்தில் உள்ள ஓட்டை எது என்பது இந்த ஒப்பீட்டில் தெளிவாகத் தெரிகிறது.

வார்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 6, 9, 12 அல்லது 15 வார்டுகள் இருக்கும். 9 வார்டு உள்ள ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஊரில் நம் மக்கள் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒதுக்கீட்டில் மூன்று வார்டுகள் கிடைக்கலாம். தீர்மானம் நிறைவேற 5 பேர் வேண்டும். துணைத் தலைவர் தேர்தலிலும் அதே கணக்குதான். மூன்று போக மீதி இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்?

இந்தக் கேள்விக்குத் தேர்தலுக்கு முன்பே பதில் தேடாத எந்த வெற்றியும் பாதி வெற்றிதான். தலைவர் வேட்பாளர் தன் பெயருக்கு மட்டும் வாக்குக் கேட்டு, வார்டு வேட்பாளர்களை அவரவர் போக்கில் விட்டுவிட்டால், பதவியேற்ற அன்றே அவர் தனியாள்.

தென் மாவட்டங்கள் கொடுத்த விலை

இந்தப் பதவிக்காக நம் மக்கள் கொடுத்த விலை இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-ல் ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள். தேர்தல் தள்ளிப்போனது, வாக்குச்சாவடியில் வன்முறை நடந்தது. கடைசியில் 1996-ன் இறுதியில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆறு மாதம்தான். 1997 ஜூன் 30 அன்று, ஓடும் பேருந்தை மறித்து, அவரும் துணைத் தலைவர் மூக்கனும் மற்ற நான்கு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள்.

முருகேசனும் துணைத் தலைவரும் ஒரே அணியாக இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊராட்சியின் பொதுச் சொத்துகள், குளத்து மீன் குத்தகை போன்றவற்றின் மேல் பரம்பரையாக இருந்த பிடி கைமாறும் என்ற நிலை வந்தபோதுதான் அந்தக் கொலைகள் நடந்தன.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் வேறு வழி கையாளப்பட்டது. பல தேர்தல்களில் யாரையும் மனுப்போட விடவில்லை. சில தடவை ஊரே ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தது. 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அதற்கு மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேச வேண்டியிருந்தது. தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அந்த அளவுக்கு வெளிப்படையான தடை இன்று குறைவு. தடையின் உருவம் மாறிவிட்டது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி, மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியானபின், சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார்.

2022 சுதந்திர தினத்துக்கு முன்பு தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் எந்தப் பாகுபாடும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்பது அதன் சாரம். சட்டம் வந்து 28 ஆண்டு கழித்தும் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1932-ல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்தில், தீண்டப்படாத மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்று வாதிட்டார். ஊர் என்பது எல்லாருக்கும் ஒரே ஊராக இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். நமக்கு இன்று பிரதிநிதித்துவம் சட்டத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்றும் வேலை வாக்குச்சாவடியோடு முடிவதில்லை.

குத்தம்பாக்கம் காட்டிய வழி

நம்பிக்கை தரும் உதாரணமும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சியில் 1996-ல் ரங்கசாமி இளங்கோ தலைவரானார். வேதிப் பொறியியல் படித்து, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய தலித் இளைஞர். கழிவுநீர்க் கால்வாய் கட்டும்போது, மதிப்பீட்டில் எழுதியிருந்த கல்லுக்குப் பதிலாக, அருகில் சும்மா கிடந்த கிரானைட் கழிவுக் கல்லைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். விதிமீறல் என்று அவர் பணிநீக்கத்துக்கு ஆளானார்.

அவரைக் காப்பாற்றியது கிராம சபை. ஊர் மக்கள் பெருந்திரளாகக் கூடி, எல்லாக் கணக்கும் எங்களுக்குத் தெரிந்துதான் நடந்தது என்று தலைவர் பக்கம் நின்றார்கள். அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். 2001-லும் வென்றார். பின்னர் அதே ஊரில் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் சமத்துவபுரத் திட்டத்தில் கட்டப்பட்டன.

கிரானைட் கழிவு மலைபோல் குவிந்து கிடக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் இரண்டு பாடங்கள். முதலாவது, கணக்கைக் கிராம சபையில் வாசித்த தலைவருக்குச் சாட்சி ஊர் முழுக்க இருக்கும். இரண்டாவது, எல்லாத் தெருவுக்கும் வேலை செய்த தலைவருக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வருவார்கள். வார்டுக் கணக்கில் குறையும் அந்த இரண்டு பேரும் இப்படித்தான் கிடைப்பார்கள்.

ஏலமும் பினாமியும்

2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சம் ரூபாய்க்கும் ஏலம் போனதாகச் செய்திகள் வந்தன. துணைத் தலைவர் பதவிக்கு விலை வைக்கிறார்கள் என்றால் அந்தக் கையெழுத்தின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரிய வேண்டும்.

ரிசர்வ் ஊராட்சியில் நடப்பது பெரும்பாலும் இப்படி: பண்ணையிலோ, செங்கல் சூளையிலோ, டிராக்டரிலோ வேலை செய்யும் ஒருவரை முதலாளி நிறுத்துவார். மனுக் கட்டணம், போஸ்டர், சாப்பாடு எல்லாம் அவர் செலவு. ஜெயித்தபின் ஊராட்சி முத்திரை அவர் வீட்டில் இருக்கும். அப்படி நிற்பவரைத் திட்டுவதில் பயனில்லை. கடன், கூலி, குடியிருக்கும் இடம் எல்லாம் முதலாளி கையில் இருக்கும்போது மறுப்பது எளிதல்ல. அந்த இடத்தை நிரப்ப நாம் ஒரு வேட்பாளரை முன்கூட்டியே தயார் செய்யாததுதான் குறை.

ஆலை வேலை இதை மாற்றும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும் வீடு, நிலக்காரரின் கூலியை நம்பி இல்லை. அந்த வீட்டிலிருந்து வரும் வேட்பாளரை மிரட்டுவது கடினம். இந்த மாவட்டத்துக்கே உரிய பலம் இது.

களத்தில் செய்ய வேண்டியவை

முதலில் வாக்காளர் பட்டியல். உள்ளாட்சிப் பட்டியல், சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரித்துத் தயாராகிறது. புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்ற, திருத்த படிவம் 8. ஓசூரில் வாடகை வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெயர் ஊரில் இருக்கிறதா, பெயர் தவறான வார்டில் விழுந்திருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். சிறிய வார்டுகளில் பத்து இருபது வாக்கு வித்தியாசத்தில் முடிவு மாறும்.

அடுத்தது ஒதுக்கீட்டு அறிவிப்பு. தலைவர் பதவி யாருக்கு, எந்த வார்டு யாருக்கு, எது பெண்களுக்கு என்பது அரசிதழில் வரும். அதைப் படித்து, தவறு இருந்தால் உடனே முறையிட வேண்டும். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாக இல்லை என்பது அந்த வழக்கில் முக்கிய வாதம். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லாமல் போனது. கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கும் தவறு எல்லாரையும் பாதிக்கும்.

மூன்றாவது சாதிச் சான்றிதழ். எல்லைப் பகுதியில் இதற்குத் தனிக் கவனம் தேவை. மாலூர், ஆனேக்கல், குப்பம் பக்கங்களிலிருந்து இங்கே வாழ வந்த மருமகள்கள் நிறைய. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி மற்றொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குத் தானாகச் செல்லாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வேறு மாநிலத்தில் பிறந்தவரை ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நிறுத்தும் முன் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வழக்கறிஞரிடமும் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மனுப் பரிசீலனை நாளில் தெரிந்தால் மாற்று வேட்பாளருக்கும் நேரம் இருக்காது.

நான்காவது செலவு. 2019-ல் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு அதில் பாதி, 300. வார்டு உறுப்பினருக்கு 200, நமக்கு 100. தலைவர் வேட்பாளரின் செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு வேட்பாளருக்கு 9,000. அடுத்த தேர்தலில் தொகை மாறலாம், அறிவிப்பைப் பாருங்கள். காலனியில் வீட்டுக்கு 100 ரூபாய் வசூலித்தாலே மனுச் செலவு தீர்ந்துவிடும். சொந்தப் பணத்தில் நின்ற வேட்பாளரிடம் ஜெயித்தபின் யாரும் முத்திரையைக் கேட்க முடியாது. வீட்டுவரி நிலுவை இருந்தால் முன்கூட்டியே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிபவரின் பெயர் உரிய பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மனுத் தள்ளுபடிக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணங்கள் இவைதாம்.

ஐந்தாவது நேரம். ஷிப்ட் வேலைக்காரர்களிடம் பகல் பிரச்சாரம் எடுபடாது. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் நிறுத்தத்தில் விடியற்காலையிலும், இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது இரவிலும் பார்க்க வேண்டும். அத்திப்பள்ளி, சந்தாபுரம், எலெக்ட்ரானிக் சிட்டி வரை கட்டட வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் போகிறவர்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலுக்கு அறிவிக்கும் விடுமுறை கர்நாடகத்து மேஸ்திரியைக் கட்டுப்படுத்தாது. அவர்களிடம் முன்பே பேசி, ஒரு நாள் கூலி போனாலும் வாக்களித்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றால் அரைநாள் வேலையாவது மிஞ்சும்.

ஆறாவது மொழி. இந்த ஒன்றியங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள், சில ஊர்களில் உருதும் உண்டு. அருந்ததியர் வீடுகளில் பெரியவர்கள் தெலுங்கில் பேசுவார்கள். ஊர்த்தெருவில் கன்னடம் பேசும் வீடுகள் இருக்கும். நோட்டீஸ் தமிழில் இருந்தாலும், வீட்டு வாசலில் நின்று பேசும்போது அவரவர் மொழியில் பேசுங்கள். நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழியும் நாக்கில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஏழாவது வாக்குச்சீட்டு. கிராமப்புறத்தில் ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தருவார்கள். 2019-ல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்டக் குழு உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வேறொரு நிறம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம் இருக்கும். தலைவருக்கும் வார்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பழக்கப்பட்ட கட்சிச் சின்னத்தைத் தேடிக் குழம்பி, வார்டுச் சீட்டைச் சும்மா மடித்துப் போடுகிறவர்கள் உண்டு. மாதிரிச் சீட்டைக் காட்டி, முத்திரை எங்கே குத்துவது என்று வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம் வாதப்படி நான்கில் முக்கியமான சீட்டு அந்த வார்டுச் சீட்டுதான்.

எட்டாவது, வார்டு வேட்பாளர்கள். பொது வார்டிலும் நம் ஆட்கள் நிற்கலாம், சட்டத்தில் தடை இல்லை. வெல்ல வாய்ப்பில்லாத வார்டில், எந்தச் சாதியானாலும் நியாயமாக நடக்கும் ஒருவரை ஆதரித்து, துணைத் தலைவர் தேர்தலில் நம்மோடு நிற்பாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் காலனிப் பெண்களோடு சேர்ந்து கடன் கட்டிப் பழகிய ஊர்த்தெருப் பெண்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடலாம். பாதி வார்டுகள் பெண்களுக்கு என்பதால் அந்தப் பழக்கம் இப்போது அரசியல் பலமாக மாறலாம்.

மாணவர்களுக்கு

இந்தப் பதவிகளுக்கு நிற்க 21 வயது போதும். 2019 தேர்தலில் சூளகிரி ஒன்றியத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவரானார். நம் மாவட்டத்தில் நடந்தது இது. வயது வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பட்டியலைக் கணினியில் சரிபார்ப்பது, படிவம் நிரப்பித் தருவது, ஊராட்சியின் வரவு செலவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவது எல்லாம் பள்ளி இறுதி வகுப்பு படித்தவர் செய்யக்கூடியவை. ஐந்தாண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குக் கேட்கும் வேட்பாளரிடம் ஊர்த்தெருவும் நின்று பேசும். குழாய், சாக்கடை, தெருவிளக்கு எல்லாச் சாதிக்கும் பொது.

சட்டம் எங்கே துணை நிற்கும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 3(1)-ல் மூன்று உட்பிரிவுகளை ஒவ்வொரு வேட்பாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வாக்களிக்க விடாமல் தடுப்பது, மனுப்போட விடாமல் தடுப்பது, போட்ட மனுவைத் திரும்பப் பெற வைப்பது, முன்மொழிய விடாமல் தடுப்பது ஆகியவை உட்பிரிவு (எல்) படி குற்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ மிரட்டியோ தடுத்தோ கடமையைச் செய்ய விடாமல் ஆக்குவது (எம்) படி குற்றம். தேர்தலுக்குப் பிறகு தாக்குவதும், சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும் (என்) படி குற்றம். கூலி வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்துவதும் இதில் வரலாம்.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் நகல் அனுப்புங்கள். துணைத் தலைவர் காரணமில்லாமல் கையெழுத்து மறுத்தால், எந்தத் தேதியில் எந்தப் பில் வைத்தோம் என்று பதிவேட்டில் குறித்து, ஒவ்வொரு முறையும் பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் கடிதம் போடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது மறந்துபோகும். தேதியிட்ட கடிதம் கோப்பில் நிற்கும்.

காசோலைக் கையெழுத்து விதியையே அரசு மாற்ற வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் துணைத் தலைவர் காரணம் எழுதாமல் மறுத்தால், குறிப்பிட்ட நாளுக்குள் ஒன்றிய அலுவலர் கையெழுத்திடும்படி தெளிவான விதி வரவேண்டும். அல்லது கர்நாடகத்தைப் போல் துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வரவேண்டும். வாக்குக் கேட்டு வரும் கட்சிகளிடம் காலனி மக்கள் இதைக் கேட்கலாம். சாலையும் சமுதாயக் கூடமும் கேட்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தலைவராக நிற்க நினைப்பவரும், வார்டுக்கு நிற்க நினைக்கும் நாலைந்து பேரும் அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்து போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.